லோயஸ் பீடபூமி: முதலில் ஆடு, பிறகு மண், கடைசியில் மரம்

வட சீனாவில், மஞ்சள் ஆற்றின் நடுப்பகுதியை ஒட்டி, ஏறத்தாழ 6.4 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கிறது லோயஸ் பீடபூமி. பாலைவனப் பக்கமிருந்து காற்று பல லட்சம் ஆண்டுகளாக அள்ளிவந்து கொட்டிய நுண்மண்தான் அதன் தரை. நம் பாடநூல்கள் இதைக் காற்றடி வண்டல் என்கின்றன. பல இடங்களில் இது 100 மீட்டருக்கும் மேல் கனமாகப் படிந்திருக்கிறது. காய்ந்திருக்கும்வரை செங்குத்துச் சுவராக நிற்கும். அதைக் குடைந்து வீடாக்கி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருக்கிறார்கள். நனைந்தால் கட்டு விட்டுப்போய்க் கரைந்து ஓடும். மழையோ வடமேற்கில் ஆண்டுக்கு 300 மி.மீ.க்கும் குறைவு, தென்கிழக்கில் 600 மி.மீ.க்கு மேல். அதில் பாதிக்கு மேற்பட்டது கோடையின் சில மாதங்களில், ஒருசில கனமழைகளாகக் கொட்டித் தீர்ந்துவிடும்.

20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மஞ்சள் ஆறு ஆண்டுக்குச் சராசரியாக 160 கோடி டன் வண்டலைச் சுமந்தது. அதில் பெரும்பங்கு இந்தப் பீடபூமியின் மண். மிக மோசமான நீர்ப்பிடிப்புகளில் ஒரு சதுர கிலோமீட்டரிலிருந்து ஆண்டுக்கு 10,000 டன்னுக்கு மேல் மண் போனது. கன மீட்டருக்கு 1.3 டன் என்று கணக்கிட்டால், நிலப்பரப்பு முழுவதிலும் ஆண்டுக்கு ஏறக்குறைய 8 மி.மீ. கனத்துக்கு மண் உரிந்துபோனதாகப் பொருள். 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஆற்றின் வண்டல் சுமை 25 கோடி டன் அளவுக்கு இறங்கியிருக்கிறது.

இந்த மாற்றத்தை "மரம் நட்டார்கள், பசுமையானது" என்று ஒரே வரியில் சொல்லிவிடுபவர்கள் உண்டு. அந்த வரியை நம்பி வேறெங்காவது வேலையைத் தொடங்கினால் பணமும் நாற்றும் வீணாகும். இங்கே பலித்தது வேலைகளின் வரிசை. மேய்ச்சலையும் சரிவு உழவையும் நிறுத்தினார்கள், நிறுத்தியவர்களின் சாப்பாட்டுக்கு வழி செய்தார்கள், மண்ணையும் மழைநீரையும் இருந்த இடத்திலேயே பிடித்தார்கள். மரம் அதற்குப் பிறகுதான். அந்த வரிசையையும் மழையின் அளவையும் மறந்த இடங்களில் இதே திட்டம் சறுக்கியது.

நிலம் கெட்ட விதம்

சரிவில் உழுது தினையும் உருளைக்கிழங்கும் போடுவார்கள். மழை மேல்மண்ணை அரித்துக்கொண்டு போகும். விளைச்சல் குறையும். குறைந்ததை ஈடுகட்ட இன்னும் செங்குத்தான இடத்தை உழுவார்கள். உழ முடியாத இடமெல்லாம் ஆட்டுக்கு. செம்மறியும் வெள்ளாடும் புல்லை வேர்க்கட்டுவரை கடித்துவிடுவதால் தரை திறந்தே கிடக்கும். குடும்பம் ஏழையாக ஏழையாகச் சரிவு நிலமும் ஆடும் கூடும். அவை கூடக் கூட நிலம் மேலும் கெடும்.

1950கள் முதலே மரம் நடும் இயக்கங்கள் அங்கே நடந்திருக்கின்றன. நட்டது ஒரு பருவம், மேய்ந்தது மறுபருவம். பிழைத்தவற்றிலும் பல வளர்ச்சி நின்று, 20, 30 வயதாகியும் ஆள் உயரத்தைச் சற்றே தாண்டிய பாப்லர் மரங்களாக நின்றுவிட்டன. அந்த வட்டாரத்தில் அவற்றுக்குக் "குட்டைக் கிழ மரம்" என்றே பெயர். வேருக்குக் கீழே ஈரம் இல்லாததுதான் காரணம். இது பின்னால் மீண்டும் வரும்.

பெரிய அளவிலான வேலை இரண்டு கட்டமாக நடந்தது. முதலாவது, உலக வங்கிக் கடனுதவியுடன் 1994 முதல் 2005 வரை ஷான்சி, ஷென்சி, கான்சு, உள் மங்கோலியா ஆகிய நான்கு பகுதிகளில் நடந்த நீர்ப்பிடிப்புச் சீரமைப்புத் திட்டம். சீன அரசின் பங்கையும் சேர்த்து ஏறத்தாழ 50 கோடி டாலர் செலவு. இரண்டாவது, 1999இல் மூன்று மாகாணங்களில் சோதனையாகத் தொடங்கி நாடு முழுவதும் விரிந்த, சரிவு உழவை விட்டுக் காட்டுக்கும் புல்லுக்கும் நிலத்தைத் திருப்பும் திட்டம். முன்னது நிலத்தை எப்படி அமைப்பது என்று காட்டியது. பின்னது அதற்குப் பணத்தையும் பரப்பையும் கொடுத்தது.

ஆட்டைக் கொட்டகைக்குள் கொண்டுவருவது

எல்லாவற்றுக்கும் முந்திய வேலை இது. ஷென்சியின் வூச்சி மாவட்டம் 1998இலேயே திறந்தவெளி மேய்ச்சலைத் தடை செய்தது. பிற மாவட்டங்கள் பின்தொடர்ந்தன. தடை விதித்த சில ஆண்டுகளுக்குள், மனிதக் கை படாத சரிவுகளிலும் புல் தானாக எழுந்தது. அங்கே எடுத்த நடவடிக்கைகளில் ஹெக்டேருக்கு மிகக் குறைந்த செலவும் மிகப் பரந்த பலனும் இதற்கே என்பது எங்கள் கணிப்பு. நாற்று வேண்டாம், குழி வேண்டாம். அந்த மண்ணில் விதையும் வேரும் ஏற்கெனவே இருக்கின்றன.

ஆனால் தடை உத்தரவு ஆட்டுக்குத் தீனி போடாது. 40 கிலோ எடையுள்ள ஓர் ஆடு உடல் எடையில் 3 முதல் 4 விழுக்காடு உலர்தீவனம் தின்னும். அதாவது நாளுக்கு 1.2 முதல் 1.6 கிலோ. 20 ஆடு வைத்திருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 9 முதல் 12 டன் தேவைப்படும். தடைக்கு ஒரு பருவம் முன்பே குதிரைமசால் விதைத்து, சோளத்தட்டையைக் குழியில் பதப்படுத்தி வைத்திருந்தால்தான் இந்தக் கணக்கு கூடும். ஆடுகளின் எண்ணிக்கையைக் குறைத்து, கொட்டகையில் வேகமாக எடை ஏறி ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை குட்டி போடும் செம்மறி இனங்களுக்கு மாற்றிய குடும்பங்கள் தாங்கிக்கொண்டன. தீவனம் தயாராகாமல் தடை வந்த ஊர்களில் ஆடு இரவில் மேய்ந்தது. அபராதம் போட்டும் அது முழுதாக நிற்கவில்லை. தடை மீறப்படும் ஊரில் முதலில் எண்ண வேண்டியது காவலாளிகளை அல்ல, தீவன டன்னை.

படி வயல்: 25 பாகை எல்லை எங்கிருந்து வருகிறது

எந்தச் சரிவை வயலாக வைப்பது, எதை விடுவது? சீன விதி 25 பாகைக்கு மேற்பட்ட சரிவில் உழவு கூடாது என்கிறது. இந்த எண்ணுக்குப் பின்னால் மண் வெட்டும் கணக்கு இருக்கிறது. 8 மீட்டர் அகலப் படி வயல் வேண்டும், படிச்சுவர் 75 பாகைச் சாய்வில் நிற்கும் என்று வைப்போம். 15 பாகைச் சரிவில் படிச்சுவரின் உயரம் ஏறத்தாழ 2.3 மீட்டர்; ஒரு ஹெக்டேர் வயலுக்கு வெட்டி நகர்த்த வேண்டிய மண் சுமார் 2,900 கன மீட்டர். அதே அகலம் 25 பாகைச் சரிவில் வேண்டுமானால் சுவர் 4.3 மீட்டருக்கு உயரும், மண் 5,300 கன மீட்டருக்கு ஏறும். அத்தனை உயரமான மண்சுவர் நனைந்தால் நிற்காது. அகலத்தைக் குறைத்தால் இயந்திரம் திரும்ப இடமில்லை. செலவும் சுவர் இடியும் அபாயமும் ஒருசேர ஏறும் இடத்தில் உழவை விட்டுவிடுவது லாபம்.

வெட்டும்போது மேல்மண்ணை முதலில் ஒதுக்கிக் குவித்து, அடிமண்ணைச் சமன் செய்தபின் மீண்டும் மேலே பரப்ப வேண்டும். புல்டோசர் ஓட்டுநருக்கு இது இரட்டை வேலை என்பதால் விட்டுவிடும் ஆசை வரும். விட்டால் உயிரற்ற அடிமண் மேலே வந்து, முதல் இரண்டு மூன்று பருவம் விளைச்சல் பழைய சரிவை விடவும் குறையும். அந்த ஏமாற்றத்தில் குடும்பம் திட்டத்தையே கைவிடும். வயலின் வெளி ஓரத்தில் 30 செ.மீ. உயர வரப்பு வேண்டும், தளம் உள்பக்கம் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். மட்டக்கருவி வைத்துப் பார்க்காமல் கண்மட்டத்தில் விட்டால், நீளவாக்கில் எங்கோ ஒரு தாழ்வு இருக்கும். முதல் கனமழையில் முழு வயலின் தண்ணீரும் அங்கே சேர்ந்து வரப்பை உடைக்கும், அடுத்த படியில் விழும், அதையும் உடைக்கும். ஒரே இரவில் மேலிருந்து கீழ்வரை புது ஓடை விழுந்துவிடும். இந்த மண்ணில் எலிவளை ஒன்றே போதும். அதற்குள் தண்ணீர் புகுந்தால் உள்ளே குடைந்து சுரங்கமாக்கி, சில வாரத்தில் வயலின் நடுவே ஆள் விழும் குழி திறக்கும்.

சரியாக அமைந்த படி வயலில் மழைநீர் ஓடாமல் இறங்குகிறது. உரம் போட்டது பயிருக்கே சேர்கிறது. சரிவின் பெரும்பகுதியை உழவிலிருந்து விடுவித்தும் அந்த வட்டாரத்தின் தானிய விளைச்சல் சரிந்துவிடாமல் நின்றதற்கு இதுவும், வரப்பை நெகிழித்தாளால் மூடி மழைநீரைச் சாலுக்குத் திருப்பி மக்காச்சோளம் போடும் முறையும் முக்கியக் காரணங்கள். நெகிழித்தாள் கிழிந்து மண்ணில் சேர்வது அந்த முறையின் தீராத தொல்லை.

வண்டலைப் பிடிக்கும் அணை

சரிவில் எவ்வளவு செய்தாலும் ஓடைக்குள் மண் வரத்தான் செய்யும். ஓடையின் குறுக்கே மண் அணை கட்டி, வண்டலைத் தேக்கி, அது நிரம்பியதும் அதையே வயலாக்கும் உத்தி பீடபூமியில் மிகப் பழையது. 2011 நீர்வளக் கணக்கெடுப்பில் இத்தகைய அணைகள் 58,000க்கு மேல் இருந்தன. சிறியது 10,000 முதல் 1 லட்சம் கன மீட்டர் கொள்ளளவும் 5 முதல் 15 மீட்டர் உயரமும் கொண்டது. நடுத்தரம் 5 லட்சம் கன மீட்டர் வரை. அதற்கு மேல் 50 லட்சம் வரை போகும் பெரிய அணைகள்தான் ஓடைத் தொடரின் முதுகெலும்பு.

கட்டுமானம் எளிது, கவனம்தான் அரிது. மண்ணை 25 முதல் 30 செ.மீ. அடுக்காகப் பரப்பி, உருளையால் இறுக்கி, உலர் அடர்த்தி கன மீட்டருக்கு 1.55 டன்னுக்குக் குறையாமல் கொண்டுவர வேண்டும். ஈரம் சரியா என்பதைக் களத்திலேயே பார்க்கலாம்: ஒரு பிடி அள்ளி அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் உதிர வேண்டும். உதிராமல் சப்பையானால் ஈரம் அதிகம். உருண்டையே பிடிக்காவிட்டால் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஒவ்வோர் அடுக்கையும் கீறிவிட்டே அடுத்ததைப் போட வேண்டும். வழுவழுப்பான முகத்தின் மேல் போட்டால் அந்தப் பொருத்தில் தண்ணீர் வழி கண்டுவிடும். அணையின் இரு தோள்களும் ஓடைக்கரையில் சேரும் இடம் இன்னும் ஆபத்தானது. கரையின் தளர்ந்த மண்ணைக் கெட்டித் தளம்வரை வெட்டி எடுக்காமல் அணையைச் சேர்த்தால், உடைப்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

அணைக்கு மூன்று உறுப்பு: மண்கரை, அடிநீரை வெளியேற்றும் மதகு, மிகை வெள்ளத்தைத் தாண்டவிடும் கலிங்கு. பணத்தை மிச்சப்படுத்தப் பல சிறிய அணைகளை வெறும் கரையாகவே கட்டினார்கள். வண்டல் நிரம்பும்வரை அது பிழைத்துக்கொள்ளும். நிரம்பியபின் வரும் வெள்ளம் கரைமேல் ஏறும். மண்கரைமேல் தண்ணீர் ஏறினால் அது அணையாக இருக்காது. 1977 கோடையில் வட ஷென்சியில் பெய்த பெருமழையில் ஏராளமான அணைகள் உடைந்தன. மேலே ஒன்று உடைய, அந்த வெள்ளம் கீழிருந்தவற்றையும் வரிசையாக அடித்துக்கொண்டு போனது. பிந்தைய திட்டங்களில் தனித்தனி அணையாகப் பார்க்காமல் முழு ஓடைத்தொடரையும் ஒரே அமைப்பாக வரைந்து, வெள்ளத்தைத் தாங்கும் பெரிய அணைகளை இடையிடையே நிறுத்தி, அவற்றின் காவலில் சிறியவற்றைக் கட்டினார்கள்.

நிரம்பிய அணையின் வயல் அபாரமானது. தட்டை, ஆழ்ந்த நுண்மண், அடியில் ஈரம். சரிவு நிலத்தைப்போல் பல மடங்கு விளையும். வண்டல் வயலின் பரப்பு நீர்ப்பிடிப்புப் பரப்பில் ஏறத்தாழ 20இல் ஒரு பங்கை எட்டினால், சாதாரணப் பெருவெள்ளம் வயலில் மெல்லிய தகடாகப் பரவி நிற்கும். உயரமாக வளர்ந்த சோளப்பயிர் அதைத் தாங்கும். வடிகால் வைக்காத வயல்களில் உப்பு மேலேறுவதுதான் இங்கே குறை. ஓரமாக ஒரு வடிவாய்க்கால் வெட்டி, அதை ஆண்டுதோறும் தூர்வாரினால் தீரும். பலர் அதைத் தூர்வாருவதில்லை.

யார் கையில் என்ன கிடைத்தது

சரிவு உழவை விட்ட குடும்பத்துக்கு மஞ்சள் ஆற்றுப் படுகையில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 1,500 கிலோ தானியம், 300 யுவான் ரொக்கம், நாற்றுக்கு ஒருமுறை 750 யுவான் என்று முதல் கட்டத்தில் வைத்தார்கள். செங்குத்துச் சரிவில் அவர்கள் அறுத்துவந்த விளைச்சலுக்கு அது குறையவில்லை. புல்லாக விட்டால் 2 ஆண்டு, பழமரத்துக்கு 5 ஆண்டு, காட்டு மரத்துக்கு 8 ஆண்டு என்று காலவரை. 2004இல் தானியம் ரொக்கமாக மாறியது. 2007இல் பாதியளவு தொகையுடன் இன்னொரு சுற்று நீட்டித்தார்கள். 2014 முதல் புதிய சுற்று வந்தது.

இந்தக் காலவரையில் ஒரு பிழை பொதிந்திருந்தது. புல்லுக்கு 2 ஆண்டு, மரத்துக்கு 8 ஆண்டு என்றால் எந்தக் குடும்பமும் மரத்தைத்தான் கேட்கும். மழை 350 மி.மீ.கூடத் தேறாத இடத்திலும் மரம் நடப்பட்டதற்கு அறியாமை மட்டும் காரணமில்லை. பணம் அந்தத் திசையில் தள்ளியது.

நிலத்தின் மீதான உரிமை இன்னொரு தூண். திருப்பிய நிலத்தின் பயன்பாட்டு உரிமை 50 ஆண்டுவரை குடும்பத்துக்கு எழுதித் தரப்பட்டது. நட்டவருக்கே மரம் என்று தாளில் இருந்தபிறகுதான் குழிக்கு மூடாக்குப் போடவும் வரப்பை அடைக்கவும் ஆள் வந்தார்கள். தெற்கே லுவோசுவான் போன்ற மாவட்டங்கள் ஆப்பிளுக்கு மாறி, அதுவே முதன்மை வருமானமானது.

உலக வங்கியின் கணக்குப்படி அதன் திட்டப் பகுதிகளில் 25 லட்சத்துக்கு மேற்பட்டோர் வறுமையிலிருந்து மீண்டனர். தனிநபர் ஆண்டு வருமானம் 70 டாலர் அளவிலிருந்து 200 டாலருக்கு உயர்ந்தது. நிலையான தாவரப் போர்வை 17 விழுக்காட்டிலிருந்து 34 ஆனது. ஆற்றில் சேரும் வண்டல் ஆண்டுக்கு 10 கோடி டன்னுக்கு மேல் குறைந்தது. இந்த எண்களைப் படிக்கும்போது அதே ஆண்டுகளில் சீனப் பொருளாதாரம் முழுவதும் பாய்ச்சலில் இருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சரிவிலிருந்து விடுபட்ட உழைப்பு நகரத்துக்குப் போய்ப் பணம் அனுப்பியது. கூலி வேலை இருந்ததால் சரிவை விட முடிந்தது, சரிவுக்குப் பணம் வந்ததால் கூலிக்குப் போக முடிந்தது. இரண்டையும் பிரித்து, "இத்தனை டாலர் மீட்டெடுப்பால் மட்டும்" என்று யாராவது எழுதினால் சந்தேகத்துடன் பாருங்கள். நகர வேலை இல்லாத நாட்டில் இந்த மாதிரியை அப்படியே வைத்தால் ஒரு கால் இல்லாமல் நிற்கும்.

வண்டல் குறைந்ததிலும் காரணங்கள் காலத்தோடு மாறின. 1970களின் பிற்பகுதி முதல் 1990கள் வரை குறைப்பின் பெரும்பங்கு படி வயலுக்கும் அணைக்கும் உரியது. அதன்பிறகுதான் தாவரப் போர்வை முன்னணிக்கு வந்தது. பீடபூமி முழுவதற்கும் அது 1999இல் 31.6 விழுக்காடு, 2013இல் 59.6 விழுக்காடு.

மழை வைத்த உச்சவரம்பு

400 மி.மீ. மழை என்பது ஹெக்டேருக்கு 4,000 கன மீட்டர் தண்ணீர். 2 மீட்டர் இடைவெளியில் பிளாக் லோகஸ்ட் மரம் நட்டால் ஹெக்டேருக்கு 2,500 மரம். ஒரு மரத்தின் பங்கு 1,600 லிட்டர். அதிலிருந்து தரை ஆவியாதல், இலையில் தங்கிப் போவது, அடிப்புல் குடிப்பது எல்லாம் கழிய வேண்டும். வளர்ந்த மரம் நாளுக்கு 12 லிட்டர் என்று வைத்தாலே 150 நாள் பருவத்துக்கு 1,800 லிட்டர் வேண்டும். பற்றாக்குறையை மரம் மண்ணின் பழைய சேமிப்பிலிருந்து எடுக்கிறது. நிலத்தடி நீரோ பல இடங்களில் வேர் எட்டாத ஆழத்தில். மழை ஊறுவது பெரும்பாலும் மேல் 2, 3 மீட்டர்தான். அதற்குக் கீழே வேர் உறிஞ்சி முடித்ததும் ஒரு வறண்ட அடுக்கு உருவாகிறது. அது உருவானபின் மரத்தை வெட்டினாலும் மீண்டும் நனைய நெடுங்காலம் பிடிக்கும். முதல் 10, 15 ஆண்டு செழிப்பாகத் தெரிந்த தோப்பு பின்னர் நுனி காய்ந்து நிற்பதன் உட்காரணம் இது. செயற்கைக்கோள் படத்தில் அந்த முதல் 15 ஆண்டு வெற்றியாகவே தெரியும். குதிரைமசாலும் நெருக்கமான ஆப்பிள் தோட்டமும்கூட இதையே செய்கின்றன.

2016இல் வெளியான ஓர் ஆய்வு இந்த உச்சவரம்பை எண்ணாகவே வைத்தது: ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 400 கிராம் கார்பன் அளவுக்கு மேல் தாவர உற்பத்தி போனால் மனிதத் தேவைக்கு நீர் மிஞ்சாது, பீடபூமி அந்த எல்லையை நெருங்கிவிட்டது. ஆற்று நீரோட்டமும் குறைந்திருக்கிறது. மேலே பிடித்த ஒவ்வொரு மில்லிமீட்டரும் கீழே போகாத மில்லிமீட்டர். கழிமுகத்தில் வண்டல் வரத்து குறைந்ததால் சில பகுதிகளில் கடல் கரையை அரிக்கிறது.

ஆகவே இப்போது செய்ய வேண்டியது புது நடவை விடப் பழைய நடவைச் சீர் செய்வது. வறண்ட பகுதியில் மரங்களில் ஒன்றுவிட்டு ஒன்றை எடுத்து, இடைவெளியை உள்ளூர்ப் புல்லுக்கும் குறும்புதருக்கும் விடலாம். அடர்த்தியை முடிவு செய்ய மரத்தின் உயரம் உதவாது. மண் துளைப்பானால் 5 மீட்டர் வரை மாதிரி எடுத்து, ஒவ்வொரு அரை மீட்டருக்கும் ஈரத்தைப் பார்க்க வேண்டும். புதிதாக நடுவதானால் பிறை வடிவக் குழிகளைச் சம உயரக் கோட்டில் வரிசை மாற்றி எடுத்து, கீழ்ப்பக்கம் 20 முதல் 30 செ.மீ. வரப்புக் கட்டி, மேல்சரிவின் ஓட்டத்தை ஒரு செடிக்குச் சேர்க்கலாம். அப்போது மரங்களின் எண்ணிக்கை தானாகவே குறையும்.

அணைகளின் நிலை இன்னும் அவசரம். பெரும்பாலான சிறிய அணைகள் பல பத்தாண்டுப் பழையவை, வண்டலால் நிரம்பியவை, கலிங்கு இல்லாதவை. 2017 ஜூலை 26 அன்று வூதிங் ஆற்றுப் படுகையில் பெய்த கனமழையில் சுய்தே, சிசோவ் நகரங்கள் வெள்ளத்தில் மூழ்கின. தாவரம் நிறைந்த நீர்ப்பிடிப்பிலிருந்தும் ஆறு பெருமளவு வண்டலோடு வந்தது. மெல்லிய மழையைப் புல் நிறுத்திவிடும், அத்தகைய மழையை நிறுத்தாது. கரையை உயர்த்துவதா, கலிங்கு சேர்ப்பதா, வயலாகிவிட்டதை வயலாகவே பதிந்து அணைப் பட்டியலிலிருந்து நீக்குவதா என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டியிருக்கிறது. வரிசையில் முதலாவது, ஓடைத் தொடரின் மேல்முனையில் நிரம்பி நிற்கும் அணை. அது போனால் கீழே உள்ளவையும் போகும்.